ஆங்கிலச் சொல் ஒன்றின் வேரைத் தேடுவது எப்படி? ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல்லை வைத்து ஒரு வழிகாட்டி

காட்டைக் குறிக்கும் ‘ஃபாரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிய எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. முறை தெரிந்திருந்தால் மூன்று மாலைப்பொழுதுகளில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. ஒரு சிற்றிதழுக்காக நான் எழுதிய முதல் வரைவில், இலத்தீனில் ‘வெளியே’ என்று பொருள்படும் ‘ஃபோரிஸ்’ என்ற சொல்லும் தமிழின் ‘புறம்’ என்ற சொல்லும் ஒன்றுதான் என்று துணிந்து எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் அதைப் படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற மொழியியல் ஆசிரியர் ஒருவர், “எந்த நூற்றாண்டில், எந்த மொழி வழியாக, எந்தப் பொருளில் வந்தது?” என்று கேட்டார். மூன்றில் ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடிப் போன வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மொழியியல் படிக்காத ஒருவரும், ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால், இந்த வழியில் போக முடியும்.

1. தொடங்குமுன்: ஒரு குறிப்பேடும் நான்கு பத்திகளும்

ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள்: ஆண்டு, மொழி, சொல்லின் வடிவம், அப்போதைய பொருள். நீங்கள் காணும் ஒவ்வொரு சான்றும் இந்த நான்கில் பொருந்த வேண்டும். ஒரு பத்தி காலியாக இருந்தால் அந்தச் சான்று இன்னும் முழுமையாகவில்லை என்று கொள்ளுங்கள். ‘வெளியே’ என்ற பொருளும் ‘ஃபோரிஸ்’ என்ற வடிவமும் மட்டும் கையில் இருக்க, ஆண்டையும் இடைப்பட்ட மொழிகளையும் நிரப்பாமல் நான் தமிழுக்குத் தாவியதுதான் முதல் பிழை.

செலவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேவையான அகராதிகளில் ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் இது தெரியாமல் பழைய புத்தகக் கடையில் ஒரு சொற்பிறப்பு அகராதிக்கு 1,200 ரூபாய் கொடுத்தேன். அதே நூலின் ஒளிவருடிய படி இலவசமாகக் கிடைக்கிறது. எனவே முதல் மாதத்தில் எதையும் விலைகொடுத்து வாங்காதீர்கள்.

2. ஆங்கிலத்தில் முதன்முதலாக எப்போது?

முதல் நாளில் ‘எட்டிம்ஆன்லைன்’ என்ற இலவச இணைய அகராதியைத் திறந்து பாருங்கள். டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் பெரிய அகராதிகளிலிருந்து தொகுத்து வளர்த்த தளம் இது. பத்து நிமிடத்தில் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். ஆனால் இதை மேற்கோளாகக் காட்டி நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊருக்கு எந்தப் பேருந்து என்று இது சொல்லும், பயணத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. மேலே ஒன்றைத் தவிர என்று சொன்னது இதைத்தான். தனிநபர் ஆண்டுச் சந்தா இந்திய மதிப்பில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சந்தா கட்டுமுன் இரண்டு வழிகளை முயலுங்கள். முதலாவது, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில், இணைய அணுக்கம் உண்டா, அல்லது 1989இல் வெளிவந்த 20 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, முதல் பதிப்பின் பழைய தொகுதிகள் காப்புரிமை தீர்ந்து இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. ‘எஃப்’ எழுத்துச் சொற்களை ஹென்றி பிராட்லி பதிப்பித்தார். அவை அடங்கிய நான்காம் தொகுதி 1901இல் வெளிவந்தது. நம் சொல்லுக்கு அதுவே பெருமளவு போதுமானது. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதுங்கள், ஏனெனில் பதிப்புக்குப் பதிப்பு முதல் சான்றின் ஆண்டு மாறக்கூடும்.

மூன்றாவதாக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. 2001இல் நிறைவடைந்த இந்த அகராதி முழுவதும் இலவசம். ஏறத்தாழ 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலத்துக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை. இவற்றை ஒப்பிட்டால், ‘ஃபாரஸ்ட்’ ஆங்கில வாக்கியங்களில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வருவதும், பெரும்பாலும் அரசன் வேட்டைக்கென ஒதுக்கிய பரப்பு என்ற பொருளோடு வருவதும் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டில் ‘நோவா ஃபொரெஸ்தா’ என்ற பெயர் வருகிறது. தெற்கு இங்கிலாந்தின் இன்றைய ‘நியூ ஃபாரஸ்ட்’ அதுதான். இதைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் இச்சொல்லின் வயது 1086 என்று எழுதிவிடக் கூடாது. அந்த ஏடு இலத்தீனில் எழுதப்பட்டது. இங்கிலாந்தில் எழுதப்பட்டது வேறு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது வேறு. இந்த ஒரு கவனக்குறைவால் இரண்டு நூற்றாண்டுகள் பிசகிவிடும்.

3. அதற்கு முன் என்ன சொல் இருந்தது?

வந்த சொல்லைத் தேடுவோர் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். புதிய சொல் வருமுன் அந்த மக்கள் காட்டை என்னவென்று அழைத்தார்கள் என்று பார்த்தால்தான், புதிய சொல் எந்தத் தேவைக்காக வந்தது என்பது விளங்கும். இதற்குப் பாஸ்வொர்த்–டோலர் பழைய ஆங்கில அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்.

பழைய ஆங்கிலத்தில் மரம் அடர்ந்த இடத்துக்குச் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. ‘வுடு’ இன்றைய ‘வுட்’ ஆயிற்று. ‘வெயால்ட்’ ஜெர்மனின் ‘வால்ட்’ என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. சிறு தோப்புக்கு ‘ஹோல்ட்’ என்ற சொல் இருந்தது. அப்படியானால் ‘ஃபாரஸ்ட்’ வெறும் மரக்கூட்டத்தைக் குறிக்க வந்திருக்க முடியாது. என் தேடலில் எனக்கு வெளிச்சம் தந்த சான்று, இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்தில் பேணப்பட்ட ஆண்டுவாரி வரலாற்று ஏடான ‘பீட்டர்பரோ குறிப்பேட்டின்’ 1087ஆம் ஆண்டுப் பதிவு. இங்கிலாந்தை வென்ற நார்மானிய அரசர் வில்லியம் இறந்தபோது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் செய்யுள், அவர் பெரும் ‘தெயோர்ஃப்ரித்’ ஏற்படுத்தி அதற்குச் சட்டங்களும் விதித்தார் என்று மனம் நொந்து கூறுகிறது. ‘தெயோர்’ என்பது விலங்கு, மான். ‘ஃப்ரித்’ என்பது காப்பு, அமைதி. வென்றவர்கள் தங்கள் ஏட்டில் ‘ஃபொரெஸ்தா’ என்று எழுதியதைத் தோற்றவர்கள் தங்கள் மொழியில் மான்காப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்த வரிகளில் எழுதியபோதுதான், நான் தேடிக்கொண்டிருந்தது காட்டின் பெயரை அல்ல, ஒரு சட்டத்தின் பெயரை என்பது எனக்குப் புரிந்தது.

4. பிரெஞ்சுப் படி

ஆங்கிலத்துக்கு இச்சொல்லைக் கொடுத்தது பழைய பிரெஞ்சு. பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த ‘த்ரெசோர்’ அகராதி இணையத்தில் இலவசம். ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் பிறப்பும் வரலாறும் பற்றிய தனிப்பகுதி உண்டு. அந்தப் பகுதியை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டு வாசித்தால் போதும்; ஆனால் பழைய சொல்வடிவங்களைச் செயலி ‘திருத்தி’விடும் என்பதால், வடிவங்களை மூலத்திலிருந்தே கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைய பிரெஞ்சில் காடு ‘ஃபொரே’. ஆங்கிலத்தில் உள்ள ‘ஸ்’ அங்கே இல்லை. பழைய பிரெஞ்சில் ‘ஃபொரெஸ்ட்’ என்றே இருந்தது; பிற்காலத்தில் மெய்க்கு முன் வந்த ‘ஸ்’ ஒலிப்பில் தேய்ந்து மறைய, அது இருந்த இடத்தைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு கூரைக்குறி மட்டும் எஞ்சியது. ‘ஹாஸ்பிடல்’ பிரெஞ்சில் ‘ஒப்பிதால்’ என்றும், ‘ஃபீஸ்ட்’ அங்கே ‘ஃபெத்’ என்றும் நிற்பது இதனால்தான். ஆகவே ‘ஸ்’ உள்ள வடிவம் ஆங்கிலத்தில் இருப்பதே, அந்த ஒலி மறையுமுன் சொல் கடல் தாண்டிவிட்டது என்பதற்குச் சான்று. அகராதி தரும் ஆண்டை இப்படி ஒலிமாற்றத்தோடு ஒத்துப்பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகும். ஆனால் உங்கள் சங்கிலி உறுதியாகும்.

5. இலத்தீனில் சரியான அகராதியைத் திறப்பது

நான் மூன்று வாரங்களைத் தொலைத்த இடம் இது. இலத்தீன் என்றதும் எல்லோரும் பரிந்துரைக்கும் 1879ஆம் ஆண்டு லூயிஸ்–ஷார்ட் அகராதியைத் திறந்து, காட்டைக் குறிக்கும் ‘ஃபொரெஸ்திஸ்’ என்ற சொல்லைத் தேடித் தேடிச் சலித்தேன். கிடைக்காது. அது செவ்வியல் இலத்தீனுக்கான அகராதி. செவ்வியல் இலத்தீனில் காடு ‘சில்வா’. ‘ஃபொரெஸ்திஸ்’ இடைக்கால இலத்தீனுக்கு உரியது. அதற்கு டு காஞ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1678இல் வெளியிட்ட இடைக்கால இலத்தீன் சொற்களஞ்சியத்தைப் பார்க்க வேண்டும். 1883–1887 ஆண்டுகளில் 10 தொகுதிகளாக விரிவாக்கி வெளியிடப்பட்ட பதிப்பைப் பாரிசில் உள்ள பழஞ்சாசனக் கல்லூரி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விளக்கங்கள் இலத்தீனிலேயே இருக்கும். இரண்டு மாலைப்பொழுதுகள் ஒதுக்கி, சாசன மேற்கோள்களை மட்டும் கவனியுங்கள்.

ஃபிராங்கிய அரசர் மூன்றாம் சிகிபெர்ட் 7ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆர்டென் மலைக்காட்டில் மடம் அமைக்க அளித்த சாசனத்தில் இச்சொல் வருகிறது. பின்னர் 800ஐ ஒட்டி, ஃபிராங்கிய அரசர் சார்லமேன் காலத்து அரச பண்ணைகளுக்கான ஆணையின் 36ஆம் பிரிவு, ‘நம் சில்வாக்களும் ஃபொரெஸ்திஸ்களும் நன்கு காக்கப்பட வேண்டும்’ என்று தொடங்குகிறது. இரண்டையும் தனித்தனியே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றென்றால் ஆணை எழுதியவர் இருமுறை சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘சில்வா’ மரங்கள் நிற்கும் இடம். ‘ஃபொரெஸ்திஸ்’ அரசனுக்கென்று ஒதுக்கி மற்றவரை விலக்கி வைத்த இடம்.

6. கடைசிப் படி: வேரும் ‘புறம்’ என்ற பொறியும்

‘ஃபொரெஸ்திஸ்’ என்ற சொல்லைப் பெரும்பாலோர் ‘வெளியே’ என்ற பொருளுடைய ‘ஃபோரிஸ்’ என்பதோடு இணைக்கிறார்கள்; வேலியிட்ட நிலத்துக்கு வெளியே உள்ள, பொது உரிமைக்கு அப்பாற்பட்ட காடு என்பது கருத்து. வேறு சிலர், நீதிமன்றம் என்ற பொருளும் கொண்ட ‘ஃபோரும்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, அரசத் தடைக்கு உட்பட்ட நிலம் என்று கொள்வர். ஜெர்மானிய மொழிகளில் ஊசியிலை மரத்தைக் குறிக்கும் சொல்லோடு இணைப்போரும் உண்டு. மூன்றையும் எழுதுங்கள். பெரும்பான்மைக் கருத்தைப் பெரும்பான்மைக் கருத்து என்றே எழுதுங்கள். அதை முடிந்த முடிபாக ஆக்கிவிடாதீர்கள்.

‘ஃபோரிஸ்’ என்பதற்கும் ‘புறம்’ என்பதற்கும் வருவோம். இரண்டும் ‘வெளி’ என்ற பொருள் தருகின்றன, ‘ஃப’வும் ‘ப’வும் அடுத்தடுத்த ஒலிகள், இரண்டிலும் நடுவில் ரகரமோ றகரமோ வருகிறது. தமிழர் யாருக்கும் மனம் துள்ளும். ஆனால் இலத்தீன் ‘ஃப’ எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இலத்தீனில் சொல்லின் முதலில் நிற்கும் ‘ஃப’ பல சொற்களில், இலத்தீனுக்கும் வடமொழிக்கும் பொதுவான மூதாதை மொழியில் மூச்சொலியோடு கூடிய தகரமாக இருந்தது. புகையைக் குறிக்கும் இலத்தீன் ‘ஃபூமுஸ்’ என்ற சொல்லும், வால்வெள்ளிக்கு நாம் சொல்லும் ‘தூமகேது’வில் உள்ள வடமொழித் ‘தூமம்’ என்ற சொல்லும் ஒரே வேர். அதே முறையில், கதவைக் குறிக்கும் ‘ஃபோரேஸ்’ என்பதும் ‘கதவுக்கு வெளியே’ என்று தொடங்கிய ‘ஃபோரிஸ்’ என்பதும், வடமொழியின் ‘த்வார்’, கிரேக்கத்தின் ‘தூரா’, பாரசீகத்தின் ‘தர்’, ஆங்கிலத்தின் ‘டோர்’ ஆகியவற்றோடு ஒரு குடும்பம். வடமொழியில் மூச்சொலி ஏன் இல்லை என்ற ஐயம் எழும். இரட்டைக் கதவு என்ற நினைப்பில் ‘இரண்டு’ என்பதைக் குறிக்கும் ‘த்வ’ என்ற சொல்லின் சாயல் படிந்தது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம்.

அப்படியானால், பெரும்பான்மைக் கருத்து சரியெனில், ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள உறவு ‘புறம்’ அல்ல. கருவறை வாயிலில் நிற்கும் துவாரபாலகர் பெயரில் உள்ள ‘துவாரம்’. பாரசீகம் வழியாக வந்த ‘தர்பார்’ அதன் இன்னொரு உறவு. கதவு போன்ற நெடுங்கேடயத்தின் வடிவை வைத்துப் பெயர் பெற்ற ‘தைராய்டு’ சுரப்பியும் அதே குடும்பம்தான். ‘புறம்’ என்ற சொல்லின் பகரமோ திராவிட மொழிகளில் தொடக்கத்திலிருந்தே பகரம். அடிப்படையில் ஒன்று தகரம், மற்றொன்று பகரம். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இவற்றை இணைத்தால், உண்மையான உறவைக் கண்முன்னே வைத்துக்கொண்டு தவறவிடுகிறோம். எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இரு சொற்களின் முதல் ஒலி ஒன்றுக்கொன்று இணை என்று சொல்வதற்கு, அதே இணை வரும் வேறு இரண்டு மூன்று சொற்களையாவது காட்ட முடிய வேண்டும்.

7. பொருளை நிலத்தில் வைத்துப் பார்த்தல்

அகராதிகள் சொன்ன பொருள் சரிதானா என்பதை இடப்பெயர்களிலும் சட்டங்களிலும் சரிபாருங்கள். டார்ட்மூர், எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலங்களில் பெரும்பகுதி மரமற்ற புல்வெளியும் புதர்நிலமும்தான். இருந்தும் அவை ‘ஃபாரஸ்ட்’ என்ற பெயர் பெற்றவை. ஸ்காட்லாந்தின் ‘மான் ஃபாரஸ்டு’களிலும் பெரும்பாலும் மரங்கள் இல்லை. 1217 நவம்பர் 6 அன்று மூன்றாம் ஹென்றியின் பெயரில் வெளியிடப்பட்ட ஃபாரஸ்ட் சாசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். மானை வேட்டையாடியதற்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. முந்தைய அரசர்கள் ‘ஃபாரஸ்ட் ஆக்கிய’ நிலங்களை மீண்டும் ‘ஃபாரஸ்ட் அல்லாததாக்க’ வேண்டும் என்றும் அச்சாசனம் கூறுகிறது. இதை மரத்தை வெட்டுவது என்று புரிந்துகொண்டால் முழுப்பிழை. சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிப்பது என்பதே பொருள். இன்று மரம் நடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அன்று நிலத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதையே குறித்தது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க நீண்ட முன்னுரை தேவையில்லை. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின்படி அரசிதழ் அறிவிப்பால் ஓரிடம் ‘காப்புக்காடு’ ஆகிறது. அறிவிப்புத்தான் அதை அப்படி ஆக்குகிறது, மர எண்ணிக்கை அல்ல. நான் பார்த்தவரையில் ‘ஃபாரஸ்ட்’ என்பதன் பழைய பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் ‘காப்புக்காடு’தான்.

8. எழுதி முடிப்பதும், காலக் கணக்கும்

ஒவ்வொரு கண்ணிக்கும் எதிரே ‘உறுதி’, ‘பெரும்பான்மைக் கருத்து’, ‘விவாதத்தில் உள்ளது’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நம் சொல்லுக்கு, ஆங்கிலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வரையும், அங்கிருந்து இடைக்கால இலத்தீன் வரையும் உறுதி. ‘ஃபோரிஸ்’ வரை பெரும்பான்மைக் கருத்து. ‘ஃபோரிஸ்’ என்பதிலிருந்து கதவு வேர் வரை மீண்டும் உறுதி. நடுவில் ஒரு கண்ணி தளர்ந்திருப்பதை மறைக்காதீர்கள். அணுகிய நாள், பதிப்பு, பக்கம் ஆகியவற்றை அப்போதைக்கப்போதே எழுதாவிட்டால், கடைசியில் அவற்றைத் திரும்பத் தேடவே ஒரு வாரம் போய்விடும், எனக்குப் போயிற்று.

மொத்தத்தில், ஆங்கில அகராதிகளுக்கு ஒரு மாலை, பழைய ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்த்து இரண்டு, டு காஞ் இரண்டு, வேரும் சரிபார்ப்பும் இரண்டு என, முதல்முறை செய்பவருக்கு ஏழு மாலைப்பொழுதுகள் ஆகும். பழகியபின் மூன்று போதும். நூலகப் போக்குவரத்துக்கும் ஒளிநகலுக்கும் எனக்கு 640 ரூபாய் ஆயிற்று.

இரண்டாவது சொல்லாக எடுப்பதற்கு ‘ஜங்கிள்’ அல்லது ‘டீக்’ நல்லது. பிரெஞ்சுப் படி தேவைப்படாது. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கென 1886இல் வந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பர்ரோ–எமனோவின் திராவிடச் சொற்பிறப்பு அகராதி ஆகிய மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் ஒரே இடத்தில் இலவசமாகத் தேடலாம். ‘டீக்’ போர்ச்சுகீசியத் ‘தேக்கா’ வழியாக நம் ‘தேக்கு’க்கு வந்து சேரும், அங்கே மலையாளமும் தமிழும் ஒரே வடிவத்தைக் கொண்டிருப்பதால், தமிழ் மட்டுமே மூலம் என்று எழுதிவிடாமல் இரண்டையும் குறியுங்கள். ‘ஜங்கிள்’ என்ற சொல்லுக்கு இந்தி வழியாக வடமொழி ‘ஜாங்கலம்’ வரை போனதும், அகராதியில் ‘மரம் குறைந்த வறண்ட நிலம்’ என்ற பொருளைக் காண்பீர்கள். தவறான பக்கத்தைத் திறந்துவிட்டோம் என்று அகராதியை மூடிவிடாதீர்கள், பக்கம் சரிதான்.